எல்லாருக்கும் ஒரே நம்பர்: 2147483647 வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிழை என்னுடையது. பட்டியலைத் தட்டச்சுச் செய்த பிள்ளையில் பிழை இல்லை, கமக்காரர் அமைப்பிலும் இல்லை. ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் போய் ஒரு எண்ணிடம் மாட்டிக்கொண்டேன், அதை எழுதாமல் விட மனம் வரவில்லை. நீளமாகத்தான் போகும். கணக்குப் பிடிக்காதவர்கள் நடுவில் கொஞ்சம் தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

நான் கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேற்றிங், படிவம் நிரப்புதல், இடைக்கிடை தெரிந்தவர்களுக்குச் சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தல். அப்படித்தான் ஒரு குளத்தின் கமக்காரர் அமைப்புக்கு உறுப்பினர் பதிவேடு ஒன்று செய்து கொடுத்தேன். பெயர், எந்த வாய்க்கால், எத்தனை ஏக்கர், அடையாள அட்டை நம்பர், தொலைபேசி நம்பர். கூட்டம் என்றால் எல்லாருக்கும் குறுஞ்செய்தி போகவேண்டும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாவிட்டால் யார் விதைப்பது என்று சீட்டுக் குலுக்கவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள்.

சிறுபோகக் கூட்டத்துக்குச் செய்தி அனுப்பியாயிற்று. கூட்டத்துக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. வராதவர்கள் மறுநாள் வந்து சண்டை. "எங்களுக்கு ஒரு அறிவித்தலும் வரேல்லை, நீங்கள் உங்கட ஆக்களுக்கு மட்டும் சொல்லிப்போட்டுத் தண்ணியப் பங்குபோடுறியள்" என்று. பொருளாளர் அண்ணை பட்டியலை அச்சடித்துக்கொண்டு நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன தம்பி இது, பாதிப் பேருக்கு ஒரே நம்பர் கிடக்கு?"

பார்த்தேன். வரிக்கு வரி 02147483647. ஒருவருக்கு அல்ல, பக்கம் பக்கமாக.

அவருக்கு அதற்குள் ஒரு முடிவு இருந்தது. 021 என்று தொடங்குகிறது, யாழ்ப்பாணம் கிளிநொச்சிப் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குரிய தொடக்கம். ஆகவே தட்டச்சுச் செய்த பிள்ளை அலுப்பில் தன் வீட்டு நம்பரையோ யாரோ தெரிந்தவருடைய நம்பரையோ எல்லாருக்கும் ஒட்டிவிட்டாள். சரி, அதையாவது விடலாம். அடுத்த நிரலைக் காட்டினார். அடையாள அட்டை நம்பரிலும் கன பேருக்கு அதே 2147483647. "இது விளையாட்டு இல்லை தம்பி. ஒரே அடையாள அட்டையில இத்தினை பேர் எண்டா, ஆரோ பசளை மானியத்துக்குக் கள்ளப் பேர் சேர்த்திருக்கினம்."

அந்தப் பிள்ளை என் கடையிலேதான் வேலை செய்கிறாள். அவள் காதில் விழத்தான் இவ்வளவும் பேசினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, லமினேற்றிங் மெஷினைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். 021 என்பதற்குப் பின்னால் ஏழு இலக்கம் வரவேண்டும், இதில் எட்டு நிற்கிறது. அப்படி ஒரு தொலைபேசி இலங்கையில் எங்கும் அடிக்காது. முன்னால் நிற்கும் பூச்சியம்கூட என் மென்பொருள் அச்சடிக்கும்போது தானாகப் போடுவது. ஆக, உள்ளே கிடப்பது வெறும் 2147483647. இன்னொன்று, தொலைபேசி நம்பரும் அடையாள அட்டை நம்பரும் ஒன்றாகக் கிடக்கிற ஆட்களும் இருந்தார்கள். கள்ளப் பேர் சேர்ப்பவன் இவ்வளவு மொக்கனாக இருக்கமாட்டான்.

அண்ணையிடம் இரண்டு நாள் தவணை கேட்டு அனுப்பினேன்.

தப்பான தடம்

மென்பொருளுக்குள் அந்த எண்ணைத் தேடினேன். கிடைத்தது! ஒரே ஓர் இடத்தில், என் கையால் எழுதியது. சீட்டுக் குலுக்கும் பகுதியில்.

அந்தக் குலுக்கலை ஏன் நானே எழுதினேன் என்றால், கணினி தன்பாட்டுக்குக் குலுக்கினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் கூட்டத்தில் மூன்று பேர் ஆளுக்கொரு எண் சொல்லுவார்கள், மூன்றையும் கூட்டி அதிலிருந்து தொடங்கும்படி வைத்தேன். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் திரும்ப வரும், சந்தேகம் உள்ளவர் வீட்டில் கல்குலேட்டரை வைத்தே சரிபார்க்கலாம். முறை இதுதான்: கையிலிருக்கும் எண்ணை 16807 ஆல் பெருக்கு, 2147483647 ஆல் வகு, மீதியை எடு, அதுதான் அடுத்த எழுமாற்று எண். 1இல் தொடங்கினால் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073 என்று கண்டபடி பாயும். இந்த இரண்டு எண்களையும் வைத்து இந்த முறையைப் பரவலாக்கியவர்கள் 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர். நான் எங்கோ பார்த்து எழுதி வைத்தேன், ஏன் அந்த எண் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஆக, குலுக்கலில் இருந்து எண் கசிந்து பதிவேட்டுக்குள் போய்விட்டது என்று ஒரு பின்னேரம் முழுக்க நம்பினேன். குலுக்கல் பகுதியை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு ஒரு புது ஆளைப் பதிந்து பார்த்தேன். தொலைபேசி நம்பர் இடத்தில் மறுபடி 2147483647. கரண்டும் போய்விட்டது.

மாஸ்டர்

என் கடை வாங்கில் பின்னேரத்தில் வந்து இருந்து பேப்பர் படிக்கிற ஒரு மாஸ்டர் இருக்கிறார். கணக்கு வாத்தியார், ஓய்வுபெற்று கன காலம். கரண்ட் இல்லாததால் பிளேன்ரீ குடித்தபடி அவரிடம் புலம்பினேன், அச்சடித்த பட்டியலைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"உது நம்பர் இல்லையடா. உது ஒயிலரின்ட எண்." ஒயிலர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை.

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. ஒரு முதன்மை எண். (தமிழ்நாட்டு வாசகர்கள் பகா எண் என்பீர்கள், எங்கள் பாடப்புத்தகத்தில் முதன்மை எண்.) 2ஐ 31 தடவை பெருக்கி 1ஐக் கழித்தால் வருவது, 2³¹ − 1. அவருக்கு இது மனப்பாடம், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

31 என்று அவர் வாயிலிருந்து வந்தவுடனேயே எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. கணினி படித்தவனுக்கு 31 போதும். பதிவேட்டில் அந்த இரண்டு நிரல்களுக்கும் நான் "முழு எண்" என்று வகை கொடுத்திருந்தேன். சாதாரண முழு எண் ஒன்றுக்குத் தரவுத்தளம் 32 பிட் இடம் ஒதுக்கும், எரியவோ அணையவோ கூடிய 32 விளக்கு மாதிரி. அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. முப்பத்தொரு விளக்கும் எரிந்தால், அதாவது துவிதத்தில் (0, 1 மட்டுமே உள்ள எண்முறையில்) முப்பத்தொரு 1 வரிசையாக நின்றால், அதுதான் 2147483647. அதற்கு மேல் ஒரு எண்ணைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன செய்யும்? கண்டிப்பான அமைப்பில் இருந்தால் "கொள்ளாது" என்று திருப்பி அனுப்பும். நான் அந்தக் கண்டிப்பை, இன்னொரு பழைய மென்பொருள் முரண்டு பிடித்ததால், எப்போதோ நிறுத்தி வைத்திருந்தேன். அப்படி நிறுத்தினால் அது ஒன்றும் பேசாமல் தன்னால் முடிந்த ஆகப் பெரிய எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும். குளம் வான் மட்டத்தில் (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடுகிற மட்டத்தில்) நிற்பதுபோலத்தான். மேலே எவ்வளவு வந்தாலும் அளவுகோல் அதே அடியைத்தான் காட்டும், மிச்சம் வானால் பாய்ந்து போய்விடும், எவ்வளவு பாய்ந்தது என்று அளவுகோலைப் பார்த்துச் சொல்ல ஏலாது.

இப்போது பட்டியலைப் பார்த்தால் எல்லாம் தெளிவு. வயதானவர்கள் படிவத்தில் 077 என்று எழுதியிருந்தார்கள். முன்பூச்சியம் போனால் ஒன்பது இலக்கம், எழுபத்தேழு கோடிச் சொச்சம், கொள்ளும். இளம் ஆட்களின் நம்பர்களைப் பிள்ளை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்திருந்தாள், அவை +94இல் தொடங்குகின்றன. நாட்டுக் குறியோடு பதினொரு இலக்கம், ஒன்பதாயிரத்து நானூறு கோடிக்கு மேல். அத்தனையும் வானால் பாய்ந்துவிட்டது. அடையாள அட்டையும் இதே கதைதான். பழைய அட்டைக்கு ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், எழுத்து மட்டும் உதிர்ந்து ஒன்பது இலக்கம் தப்பிவிட்டது. 2016இல் வந்த புது அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கம், முதல் நான்கும் பிறந்த ஆண்டு. 1988இல் பிறந்தவரும் 1999இல் பிறந்தவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

இரண்டு மூன்று வரிகளில் தொலைபேசி நம்பர் வெறும் 94 என்று கிடந்ததை முன்பே பார்த்திருந்தேன், தட்டச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன். அங்கேதான் விஷயமே. வாட்ஸ்அப்பில் நம்பர் +94 77 என்று இடைவெளி விட்டு விட்டு வரும். பிள்ளை பொறுப்பாக ஒவ்வொன்றிலும் இடைவெளியை எடுத்திருக்கிறாள், ஒன்றிரண்டில் தவறிவிட்டது. தவறிய இடத்தில் தரவுத்தளம் இடைவெளி வரைக்கும் வாசித்து 94ஓடு நிறுத்திக்கொண்டது. நல்லபடி செய்த இடத்தில்தான் 2147483647. அவளுடைய ஒழுங்குதான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

முதன்மை எண் என்பதால்தானா?

இந்த இடத்தில் நான் மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன், வாசிக்கிற உங்களுக்கும் அது வரும். கணினிக்காரர் எல்லையாக ஒரு முதன்மை எண்ணை வேண்டுமென்றே வைத்தார்களா? வலைத்தளங்களில் "முதன்மை எண் என்பதால் பாதுகாப்பு" என்கிற மாதிரிக் கதைகளையும் பார்த்திருக்கிறேன்.

இல்லை. 8, 16, 32, 64 என்று இடம் இரட்டித்துக்கொண்டே போனது, குறிக்கு ஒன்று போக 7, 15, 31, 63. எல்லைகள் 127, 32767, 2147483647, 9223372036854775807. இதில் 127 முதன்மை. 32767 இல்லை, அது 7 × 31 × 151. கடைசியும் இல்லை, அது 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. எல்லையாக இருப்பதற்கும் முதன்மையாக இருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. என் பதிவேட்டில் முப்பதாவது பிட்டோடு எல்லை முடிந்திருந்தாலும் இதே வம்புதான் வந்திருக்கும், எண் மட்டும் வேறாக இருந்திருக்கும், மாஸ்டருக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

15 ஏன் தோற்றது என்று மாஸ்டர் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். பதினைந்து 1 ஐ மும்மூன்றாகப் பிரி: 111 111 111 111 111. ஐந்து கட்டும் ஒரே மாதிரி, ஆகவே முழுவதும் 111 ஆல் வகுபடும். (111,111 என்ற நம் சாதாரண எண் 111 ஆல் வகுபடுகிற மாதிரியே.) துவிதத்தில் 111 என்றால் 7. ஐந்தைந்தாகப் பிரித்தால் 11111, அதாவது 31 ஆல் வகுபடும். 63ஐயும் அப்படியே மும்மூன்றாகக் கட்டலாம். முப்பத்தொன்றைச் சமமான கட்டுகளாகப் பிரிக்கவே முடியாது, ஏனென்றால் 31 தானே ஒரு முதன்மை எண்.

அதோடு காரியம் முடிந்துவிடாது. பதினொரு 1 ஐயும் கட்டாகப் பிரிக்க முடியாது, ஆனாலும் அது 2047, அதாவது 23 × 89. சுட்டி (2ஐ எத்தனை தடவை பெருக்குகிறோமோ அந்த எண்) முதன்மையாக இருந்தால் வாசல் திறக்கும், உள்ளே போனபிறகு தனியாகச் சோதிக்கவேண்டும். இதில் பெரிய ஆட்களே வழுக்கியிருக்கிறார்கள். இத்தாலியில் கத்தால்தி 1588இல் 17க்கும் 19க்கும் சரியாகக் காட்டினார், அந்த வேகத்தில் 23, 29, 31, 37 எல்லாமே முதன்மை தரும் என்றும் சொல்லிவிட்டார். 23க்கு 47 வகுக்கும், 29க்கு 233 வகுக்கும், 37க்கு 223 வகுக்கும். 31 மட்டும் அதிர்ஷ்டத்தில் சரி. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் போட்ட பட்டியலிலும் 31 இருந்தது, ஆனால் அதில் 67உம் 257உம் பிழையாக உள்ளே நின்றன, 61, 89, 107 விடுபட்டன. அவர் பெயரில்தான் இந்த வகை எண்கள் இன்றும் நடமாடுகின்றன. பிழை விட்டாலும் பெயர் நிற்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

372 வகுத்தல்

2147483647 முதன்மை எண்தான் என்று நிரூபித்தவர் ஒயிலர், 1772இல், சென் பீற்றர்ஸ்பேர்க்கில், கண்பார்வை ஏறக்குறைய முற்றாகப் போயிருந்த காலத்தில்.

சாதாரணமாகச் செய்தால் என்ன செய்வோம்? வர்க்கமூலம் வரை உள்ள முதன்மை எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்போம். 2147483647இன் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேலே. அதுவரை 4,700க்கு மேற்பட்ட முதன்மை எண்கள் உண்டு. கையால் செய்ய ஒரு காலபோகம் போதாது. ஒயிலர் பெரும்பாலானதை வகுத்துப் பார்க்காமலே கழித்துவிட்டார். எப்படி என்று மாஸ்டர் சொன்னது எனக்கு முறைத்தண்ணீர் (வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்து விடும் தண்ணீர்) மாதிரிப் புரிந்தது, அப்படியே சொல்கிறேன்.

ப என்றொரு முதன்மை எண் நம்முடைய எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு தடவையும் ப ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்திருந்தால், 31ஆம் தடவை மீதி 1 வரும், 2³¹ − 1ஐத்தான் ப வகுக்கிறதே. பிறகு மறுபடி 2, 4, 8 என்று அதே சுற்று. ஆக முப்பத்தொரு நாள் முறை. (31க்குள் இன்னும் சின்னச் சுற்று ஒளிந்திருக்க முடியாது, 31ஐ வேறொன்றும் வகுக்காது.) இன்னொரு பக்கம், பெர்மா என்பவர் பொதுவாகச் சொன்னது: எந்த ஒற்றை முதன்மை எண் ப ஐ எடுத்தாலும் (ப − 1)ஆம் தடவை மீதி 1 கட்டாயம் வரும். உங்கள் வாய்க்காலுக்கு முப்பத்தொரு நாளுக்கொருமுறைதான் தண்ணீர் என்றால், தண்ணீர் வந்த நாள் எதுவானாலும் அது 31இன் மடங்குதானே. எனவே ப − 1 என்பது 31இன் மடங்கு. ப ஒற்றை எண், ப − 1 இரட்டை, ஆக 62இன் மடங்கு. 63, 125, 187, 249, 311... இவை மட்டும் பார்த்தால் போதும்.

அதையும் ஒயிலர் பாதியாகக் குறைத்தார். 65536ஐ வர்க்கித்தால் 4294967296, அது நம்முடைய எண்ணின் இரண்டு மடங்கைவிட 2 அதிகம். ஆகவே மீதி 2. அப்படி 2 என்பது ஏதோ ஒன்றின் வர்க்கமாக மீதி வருகிறதென்றால், வகுக்கிற முதன்மை எண் 8இன் மடங்குக்கு ஒன்று கூடவோ ஒன்று குறையவோதான் இருக்கமுடியும் என்று ஒரு விதி இருக்கிறது. அது ஏன் என்று மாஸ்டர் சொன்னார், அந்த நேரம் கரண்ட் வந்து பிறின்ரர் சத்தம் போட்டது, எனக்குப் பாதிதான் ஏறியது. இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால் 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 1ஐயும் 63ஐயும் விட்டால் 46340 வரை அப்படி 372 எண்கள். அதிலும் 249, 497, 559 போன்றவை பார்த்தவுடனே கழியும் (559 பார்த்தவுடனே கழியாது, 13 × 43, மாஸ்டருக்குக் கழியும்). முதலில் நிஜமாக வகுக்கவேண்டியது 311.

311 × 6905092 = 2147483612. மீதி 35. 311 போயிற்று.

அடுத்தது 1303. மீதி 226. அதுவும் போயிற்று.

இப்படியே கடைசிவரை போகவேண்டும், ஒரு இடத்திலும் மீதி பூச்சியம் வரக்கூடாது. ஒயிலருக்கு வரவில்லை. மாஸ்டருக்கு வந்தது!

தொண்ணூறுகளில், வன்னியில் மின்சாரமே இல்லாத காலத்தில், குப்பி விளக்கில் இருந்து அந்த வகுத்தல்களைச் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "ரேடியோவுக்குப் பற்றரி இல்லை, வேறென்ன செய்யிறது" என்றார். ஒரு இரவு ஒரு எண்ணுக்கு மீதி சரியாகப் பூச்சியம். ஒயிலர் பிழை, இருநூறு வருசமாக உலகம் பிழை, மாஸ்டர் மட்டும் சரி. இரண்டு நாள் நித்திரை இல்லையாம். ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் பகலில் திரும்பிச் செய்து பார்த்தால் ஒரு கழித்தலில் கடன் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறார். "பாங்கிலயும் அப்பிடித்தான்" என்று சொல்லி அவரே சிரித்தார். கொப்பி இடம்பெயர்ந்த எங்கோ ஒரு இடத்தில் போய்விட்டது, எண் மட்டும் தலைக்குள் நின்றுவிட்டது.

இப்போது அந்த 372உம் தேவையில்லை. பிரான்சில் லூக்கா 1870களில் தொடக்கிவைத்து அமெரிக்காவில் லேமர் 1930இல் செப்பனிட்ட ஒரு சோதனை இருக்கிறது, மிகச் சுருக்கம். 4இல் தொடங்கு. வர்க்கி, 2ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடு. சுட்டியைவிட இரண்டு குறைந்த தடவை இதைச் செய். கடைசியில் பூச்சியம் வந்தால் முதன்மை, இல்லையென்றால் இல்லை. சின்ன எண் 31இல் (அது 2⁵ − 1) பாருங்கள்: 4, பிறகு 14, பிறகு 194, அதன் மீதி 8, பிறகு 64இல் 2 போக 62, மீதி 0. மூன்று தடவை, முடிந்தது. 2147483647க்கு இருபத்தொன்பது தடவை. கடைக் கணினியில் எண்டர் தட்டிக் கையை எடுக்க முன் பூச்சியம் வந்துவிட்டது. மாஸ்டர் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்றைக்கு உலகில் தெரிந்த ஆகப் பெரிய முதன்மை எண்ணும் இதே குடும்பம்தான். 2024 ஒக்ரோபரில் அறிவித்தார்கள்: 2இன் வலு 136279841, அதில் 1 குறைய. 41,024,320 இலக்கங்கள். தொழில் புத்தி விடுமா, கணக்குப் போட்டேன்: பக்கத்துக்கு 3,000 இலக்கம் வைத்தால் 13,675 பக்கம், இரண்டு பக்கமும் அடித்தால் 14 றீம் தாள். யாராவது ஓடர் தந்தால் விலை பேசலாம். 1811இல் ஆங்கிலேயர் பார்லோ, 2147483647ஐ வைத்துக் கட்டிய ஒரு எண்ணைப் பற்றி, (தன்னைத் தவிர்ந்த தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கும் எண்களில் எட்டாவது அது, 2305843008139952128) இதைவிடப் பெரியதை இனி ஒருவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவை வெறும் விநோதம், பயனில்லாதவை, யார் மினக்கெடப் போகிறார்கள் என்று எழுதினார்.

பயன் இல்லையா? என்னுடைய குலுக்கலில் அந்த எண் இருப்பதற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது. 16807 என்பது 7ஐ ஐந்து தடவை பெருக்கியது. வகுக்கும் எண் முதன்மையாக இருப்பதாலும் 16807 அதற்குப் பொருந்துகிற பெருக்கியாக இருப்பதாலும், 1இலிருந்து 2147483646 வரை உள்ள ஒவ்வொரு எண்ணையும் சரியாக ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் அந்தச் சுற்று தொடங்கிய இடத்துக்கு வரும். முதன்மையல்லாத எண்ணாக இருந்திருந்தால் இந்த உத்தரவாதம் கிடைக்காது, நடுவில் பூச்சியத்தில் விழுந்து அப்படியே படுத்துவிடவும் கூடும். ஆக ஒரே மென்பொருளில் அந்த எண் இரண்டு இடத்தில். குலுக்கலில் அது முதன்மை எண் என்பதற்காக நிற்கிறது. பதிவேட்டில் முப்பத்தொரு பிட் நிரம்பியதற்காக நிற்கிறது. ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு பேர் ஒரே சட்டையில் சந்தைக்கு வந்த மாதிரி. நான் ஒருவரைப் பிடித்து மற்றவரின் குற்றத்துக்கு விசாரித்துக்கொண்டிருந்தேன்.

திருத்தியது

திருத்தம் ஐந்து நிமிட வேலை. இரண்டு நிரலையும் எண் வகையிலிருந்து எழுத்து வகைக்கு மாற்றினேன். தொலைபேசி நம்பரை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, அது பெயர் மாதிரி. கண்டிப்பையும் திரும்பப் போட்டேன், பழைய மென்பொருள் முரண்டு பிடித்தால் பிடிக்கட்டும். ஆனால் வானால் பாய்ந்தது திரும்பக் குளத்துக்குள் வராது. அத்தனை நம்பரையும் மறுபடி தட்டவேண்டி இருந்தது. படிவங்கள் பைலில் இருந்தன, வாட்ஸ்அப் குழு பிள்ளையின் போனில் இருந்தது, இரண்டு பேரும் இரண்டு நாள் இருந்து முடித்தோம். இந்தமுறை இடைவெளியை எடுக்கவேண்டாம் என்றேன். "எடுத்தாத்தான் அண்ணா வடிவாயிருக்கும்" என்று எடுத்தபடியே இருந்தாள்.

பொருளாளர் அண்ணைக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரிய வேலை. முதன்மை எண், துவிதம் எல்லாம் விட்டுவிட்டு வான் கதையை மட்டும் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். பிள்ளையிடம் நேரே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தநாள் ஒரு பை முருகண்டிக் கச்சான் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் பார்த்து வைத்தேன். அந்த மென்பொருள் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடக்கம் கழிந்த செக்கன்களாகத்தான் சேமிக்கிறது, அதுவும் அதே 32 பிட்டில். அது நிரம்புவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்முடைய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கன். அதற்கடுத்த செக்கனில் பழைய கணினிகள் 1901 டிசெம்பர் என்று சொல்லத் தொடங்கும். அதையும் 64 பிட்டுக்கு மாற்றிவிட்டேன்.

மாஸ்டர் போன கிழமை கடையில் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கினார். வாங்கிலேயே இருந்து தொடங்கிவிட்டார், திரும்பவும் முதலிலிருந்து. 311க்கு மீதி 35. 1303க்கு 226. 1489க்கு 199 வந்தபோது பஸ் வந்துவிட்டது. அடுத்து வகுக்கவேண்டியது 2543, மீதி 1523. கணினியில் பார்த்துவிட்டேன், அவரிடம் சொல்லவில்லை.